எலி கடிக்காத பக்கங்கள்

ஆலத்தூர் நாடு,
கொல்லிமலை.
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கோகிலாவுக்கு ரமேஷ்குமார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் குழந்தை அருணாவும் நலம். அங்கு நீயும் விடுதியில் உடம்பைப் பார்த்துக்கொண்டு படிப்பாய் என்று நம்புகிறேன்.

மிளகு பறித்து முடித்தாயிற்று. காயப்போட்ட அன்று பார்த்துச் சாரல் பிடித்துக்கொண்டது. பாதி இன்னும் ஈரமாகவே கிடக்கிறது. அருணாவுக்குத் தலை பின்னப் பழகிவிட்டேன். இரண்டு சடையும் ஒரே உயரத்தில் நிற்கமாட்டேன் என்கின்றன. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவிழ்த்து மறுபடி பின்னிவிடுகிறாராம்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். இந்தக் கடிதத்தை நீ பாடம் படிப்பதுபோலப் படித்தால், இவன் ஏன் முதலில் மிளகைப் பற்றி எழுதினான் என்று ஓரத்தில் ஒரு கேள்வி போடுவாய். பதிலை நானே சொல்லிவிடுகிறேன். வெட்கம்.

உன் நீல நோட்டின் நான்கு தாள்களை எலி கடிக்கவில்லை. நான்தான் கிழித்தேன்.

போன மாதம் நோட்டை பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னாய். கண்டக்டர் முரளியிடம் கொடுக்கும் முன் சும்மா புரட்டினேன். பத்தாவதோடு நின்றவனுக்கு இங்கிலீஷ் எங்கே புரியும்? ஆனால் ஒவ்வொரு கவிதைக்கும் கீழே அது சொல்வது என்ன, அதை நம் வாழ்க்கையில் எங்கே பார்த்தாய் என்று தமிழில் எழுதியிருந்தாய். மழைக் கவிதைக்குக் கீழே நம் மரவள்ளிக் காடு இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த கவிதையில் ஒருவன் தினமும் வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போடுகிறான். அந்தச் சத்தத்தைத் தவிர அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை. அதன் கீழே நீ எழுதியது எனக்கு மனப்பாடம். 'இங்கே தாழ்ப்பாள் பேசுகிறது. எங்கள் வீட்டில் தட்டு பேசும். எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்ததைச் சொன்ன அன்று அவர் தட்டைத் தள்ளிவிட்டார். சாமைச் சோறு வாசல்வரை சிதறியது. நான் பொறுக்கினேன். சோறு இருக்கிறதா என்று கேட்பார். நீ சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை.'

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நம் வீட்டு விஷயத்தை யாரோ படித்து மார்க் போடுவதா என்று தோன்றியது. அந்தக் கவிதையும் உன் குறிப்பும் இருந்த நான்கு தாளையும் உருவிவிட்டு மீதியை அனுப்பினேன். நீ கேட்டபோது, "எலி கடிச்சிருச்சு, நாந்தான் எடுத்துப் போட்டேன்" என்றேன். எலி தையல் ஓரமாக நேராகக் கடிக்காது என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தும் "சரிங்க" என்று போனை வைத்துவிட்டாய். அந்தச் 'சரிங்க' இன்னும் என் காதில் இருக்கிறது.

மாதிரித் தேர்வில் அதே கவிதை வந்ததாகச் சொன்னாய். கைடில் இருந்தபடி, கவிதை தனிமையைக் காட்டுகிறது என்று வகுப்பே எழுதியதை நீயும் எழுதினாய். "எந்தச் சொல்லு காட்டுது, எப்படிக் காட்டுது, அதை எங்கம்மா காணோம்" என்று பேராசிரியை கேட்டாராம். போனில் அழுதாய். "நான் எப்படி யோசிச்சேங்கிறதே மறந்து போச்சுங்க" என்றாய். நான் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் நின்றுகொண்டு, "போனாப் போகுது விடு" என்றேன். அன்று இறங்கி வரும்போது என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை உனக்குப் பரீட்சை. இத்தனை நாள் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்த தாள்களை இந்தக் கடிதத்தோடு வைத்து, நாளைக் காலை முரளியிடம் கொடுக்கிறேன். உன் கையில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாம் தாளில் கொஞ்சம் மை பரவிவிட்டது. மிளகுக் கறையும் இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்த்ததால் வந்தது.

விடைத்தாளில் தட்டு வராது, தாழ்ப்பாள்தான் வரும் என்று இப்போது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தச் சோற்றைப் பொறுக்கியவளுக்குத்தான் தாழ்ப்பாளின் சத்தம் சரியாகக் கேட்கும். அதை நினைத்தே எழுது. எனக்காக எதையும் மழுப்பாதே. மன்னித்துவிடு என்று கேட்க இன்னும் வாய் வரவில்லை. நீ நன்றாக எழுதி வர வேண்டும் என்று மட்டும் சாமியிடம் கேட்டிருக்கிறேன்.

கடைசி வரியைத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும், சொல்லாமல் விட்டது அங்கேதான் வந்து நிற்கும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாய். அதனால் கையெழுத்தை முன்னாலேயே போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ரமேஷ்குமார்

கோகிலா, நீ சாப்பிட்டாயா?