கூரைமேல் நின்ற தொகாஷி டீச்சரும் பனிக்குள் கூடிய பொதுக்குழுவும்

கமிசவா,
பிப்ரவரி, பனி சற்றே மூச்சு வாங்கும் ஒரு பகல்

அன்புச் செல்வம் தமாகிக்கு,

கென்கிச்சி சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி நோபுயோவும், என் இரண்டு முழங்கால்கள் நீங்கலாக மற்ற எல்லாமும் சௌக்கியம். அங்கே சாவோ பாலோ வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வாடாமல் இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் அந்த முழங்கால்களும் தேறிவிடும். உன்னைப் பெற்றது என் அண்ணனாக இருக்கலாம், ஆனால் நீ சைக்கிள் பழகியபோது பின்னால் ஓடி நுரை தள்ளியவன் நான், ஆகவே நீளமாக எழுதி உன்னை வதைக்கும் உரிமை எனக்கே உண்டு. இந்த வருஷப் பனியைப் பற்றி என்னத்தைச் சொல்ல. வானத்தில் இருந்த மேகம் எல்லாம் நம் ஊரில் குடித்தனம் வந்துவிட்டது. தபால்காரர் எங்கள் வீட்டு மாடி ஜன்னலைத் தட்டிக் கடிதம் கொடுக்கிறார், நேற்று ஒரு நரி மாடிக்கு நேராக நடந்துபோய் எனக்குத் தலையசைத்தது, இதை நோபுயோ நம்பவில்லை, நீயாவது நம்பு.

கமிசவா நற்பணி மன்றத்துக்கு இந்த வருஷமும் நானே தலைவன். வேறு யாரும் நிற்கவில்லை என்று சித்தி சொல்வாள், என் எதிரில் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும் என்று நான் சொல்வேன். வசந்தத்தில் ஆற்றங்கரைக் குப்பை பொறுக்குகிறோம், பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கொடி பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடத்துகிறோம், அதெல்லாம் சில்லறை வீரம். எங்கள் மகா யுத்தம் மார்கழி பிறந்தால்தான், தனியாக இருக்கும் வயசானவர்கள் வீட்டுக் கூரையில் ஏறிப் பனி தள்ளுவது. தள்ளாமல் விட்டால் வீடு நொறுங்கும், தாங்களே ஏறினால் அவர்கள் நொறுங்குவார்கள், வருஷா வருஷம் சுற்றுவட்டாரத்தில் யாராவது ஒருவர் கூரையிலிருந்து விழுந்து போய்ச்சேருகிறார் என்பது உனக்குத் தெரியாததல்ல. போன வருஷம் வரை ஒரு கூரை முடித்து இறங்கினால் அந்த வீட்டில் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய், சூடாக அரிசி மது, கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம். நாலாவது வீட்டுக்குப் போகும்போது மன்றமே தள்ளாடும். முடிதிருத்தகம் வைத்திருக்கிற நரிதா ஒரு கூரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டான், பனிமூட்டை என்று நினைத்து அவனையும் தள்ளிவிட்டோம், கீழே விழுந்தும் எழவில்லை, குறட்டைதான் வந்தது. இப்படியே போனால் உதவப் போகிற இடத்தில் பிணம் விழும் என்று செயலாளர் இகராஷி பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பதில் மரியாதையாக யாரும் எதுவும் தரக்கூடாது, தந்தாலும் மன்றத்தார் தொடமாட்டார்கள். இகராஷியை உனக்குத் தெரியுமே, தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், தும்முவதற்கு முன்னால் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்பவர். ஒருமனதாக நிறைவேறியது. அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம், எங்கள் தியாகத்தை நினைத்து எங்களுக்கே கண்ணீர் வந்தது.

அப்புறம் நடந்தது அதிசயம். முதல் பெரும்பனி கொட்டிய மறுநாள் படை திரட்டி எட்டு மணிக்குப் போனால், போன வீட்டில் எல்லாம் கூரை துடைத்த மாதிரி இருக்கிறது. வயசானவர்கள் வாசலில் வந்து குனிந்து வணங்கி, "ஐயோ, உங்களுக்கு வீண் அலைச்சல், எங்க வீட்ல பனியே விழலை போலிருக்கு" என்கிறார்கள். அடுத்த வாரமும் அதே கதை. மன்றத்தின் பெயரைக் கேட்டாலே பனி பயந்து சரிகிறது என்று வீட்டில் வந்து முழங்கினேன். கணப்பு மேசைக்குள் கால் நீட்டி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பக்கத்து வீட்டுக் கூரையில மட்டும் விழாம போறதுக்கு அது பனியா, மாமியார் பாசமா? பதிலுக்கு ஒண்ணும் தரக்கூடாதுன்னு வாயை அடைச்சிட்டீங்க. எந்த மனுஷங்க ஏணி வைக்க விடுவாங்க? விடியறதுக்குள்ள அவங்களே ஏறித் தள்ளிட்டு நிக்கிறாங்கய்யா. போய்ப் பாருங்க முதல்ல" என்றாள். நினைத்துப் பார் தமாகி. எண்பது தாண்டியவர்கள், எங்களுக்குக் கடன்படக் கூடாது என்று, ஐஸ் படிந்த கூரையில்.

அடுத்த பனிக்கு மறுநாள் விடிந்தும் விடியாமலும் இகராஷியையும் கையில் கிடைத்த ஏழெட்டுப் பேரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கோயில் தெருவில் திரும்பினால் எதிரே தொகாஷி டீச்சர் வீடு, கூரைமேல் டீச்சர். ஊரில் பாதிப் பேருக்குக் கர்ணம் போடவும் மீதிப் பேருக்கு உயரம் தாண்டவும் கற்றுக்கொடுத்த அதே உடற்பயிற்சி டீச்சர்தான், புருஷன் போனபிறகு தனியாக இருக்கிறார். நீலக் குல்லாய், இடுப்பில் கயிறு கிடையாது, கையில் மண்வெட்டியை வேல் மாதிரி ஊன்றிக்கொண்டு நிற்கிறார். அவர் தள்ளிவிட்ட பனியே சரிந்து ஏணியைச் சாய்த்துப் புதைத்துவிட்டது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை, உதடு கத்தரிக்காய் நிறம். டீச்சர், என்ன இது என்று கத்தினேன். "காலைக் காட்சி பார்க்கிறேன். நீ உன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போடா" என்றார். இருங்க, ஏணி வைக்கிறோம் என்று எங்கள் ஏணியைச் சாய்த்தோம். மண்வெட்டியால் ஒரே தள்ளு, ஏணி என் காதோரமாக வந்து விழுந்தது. "ஏணி வச்சா அதுக்கு நான் என்ன தரலாம்னு முதல்ல சொல்லு. ஒண்ணும் தரக்கூடாதுன்னா உன் ஏணியும் வேண்டாம். கை நீட்டி வாங்கிட்டு சும்மா இருக்க நான் என்ன கோயில் புறாவா? இப்படியே குதிச்சுக்கிறேன்" என்றார்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். டீச்சருக்குப் பின்னால், கூரை முகட்டுக்குச் சற்றுக் கீழே, அவர் இன்னும் தள்ளாத பனியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. அப்படிக் கோடு விழுந்தால் மேலே இருக்கிற மொத்தப் பாளமும் எந்த நிமிஷமும் கிளம்பும், கிளம்பினால் முன்னால் நிற்கிற ஆளையும் வாரிக்கொண்டு வந்து அவர் மேலேயே விழும். இந்தச் சித்தப்பா கரடியோடு கைகுலுக்கியவன், அந்தக் கோட்டைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். டீச்சர், பின்னாடி விரிசல் விட்டிருக்கு, தயவுசெய்து, நீங்க என்ன கொடுத்தாலும் வாங்கிக்கிறேன் என்றேன். "உன் வாய்வார்த்தையை நம்பச் சொல்றியா? உயரம் தாண்டச் சொன்னா குனிஞ்சு கம்பிக்கு அடியில போனவன்தானே நீ? கூட்டம் போட்டு எழுதின சட்டத்தைக் கூட்டம் போட்டு எடு" என்றார். பக்கத்தில் இருந்த இகராஷி என் கையைச் சுரண்டி, "டீச்சர் சொல்றதுதான் தலைவரே முறை. பொதுக்குழுத் தீர்மானத்தைப் பொதுக்குழுதான் ரத்து செய்யணும். ஆனா பாதிப் பேர் வேணும், மூணு பேர் குறையுது" என்றார். அந்த மனிதரைப் பனியில் நட்டுவைத்துவிட்டு வரலாமா என்று இருந்தது எனக்கு. சரி, தொலையட்டும், கூப்பிடு ஆளை என்றேன். டீச்சரின் மண்வெட்டியும் இகராஷியின் விதியும் ஒரே கட்சியில் இருக்கும்போது எந்தத் தலைவன் என்ன செய்வான்.

கமிசவா சரித்திரத்திலேயே அவ்வளவு வேகமாக ஒரு பொதுக்குழு கூடியதில்லை. விடிகாலையில் ஒரு கல்யாணத்துக்கு ஆள் தயார் செய்துகொண்டிருந்த நரிதா கத்தரியோடு ஓடி வந்தான், அவன் பின்னாலேயே கழுத்தில் துண்டும் பாதி வெட்டின தலையுமாகக் கல்யாண மாப்பிள்ளையின் தாய்மாமன், அவரும் உறுப்பினர். மூன்றாவதாக டோஃபு கடைக்காரர் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்தார். முழங்கால் வரை பனியில் நின்று, குல்லாயைக் கழற்றி, முறைப்படி ஒருவரையொருவர் வணங்கி, அவசரப் பொதுக்குழு தொடங்குகிறது என்று நான் அறிவித்தேன். வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறிய தலைமையுரை அதுதான், ஒரு மூச்சுதான் இருந்தது. போன தீர்மானம் தப்பு, கொடுக்கிறதை வாங்கிக்கொள்வோம், குடிப்பதை மட்டும் எல்லாக் கூரையும் முடிந்தபிறகு வைத்துக்கொள்வோம், சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம். தூக்கினோம். மேலே இருந்து டீச்சர் குரல், பல் தந்தியடிக்க, "நரிதா, முழங்கையை மடக்காதே. நேரா, காதை ஒட்டித் தூக்கு. இகராஷி, உன் கை எங்கே?" இகராஷி தீர்மானத்தை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவோடு கையை விறைப்பாகத் தூக்கினார். ஒருமனதாக என்று நான் அலற, ஏணி மறுபடி கூரையில் சாய்ந்தது, டீச்சர் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினார், கடைசிப் படியில் கால் மரத்துப்போய்ச் சரிந்தவரை நானும் நரிதாவும் தாங்கி வாசல்படிக்கு உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தோம். குல்லாயில் இருந்த பனியைத் தட்டியிருப்பேன், அவ்வளவுதான். மேலே ஏதோ பெரிய மிருகம் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம், அப்புறம் வீடே குலுங்க முகட்டுப் பாளம் மொத்தமும் இறங்கி, நாங்கள் பொதுக்குழு கூடின இடத்தை மூடிவிட்டது. எங்கள் ஏணியின் ஒரு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. நல்லவேளை, எல்லோரும் டீச்சர் பின்னாலேயே வாசலுக்குள் நெருக்கியடித்து வந்திருந்தார்கள்.

டீச்சர் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "தனியா இருக்கிறவளுக்கு வாங்கிக்கிறது கஷ்டமில்லை கென்கிச்சி. நான் கொடுக்கிறதை வாங்கிக்க ஒருத்தரும் இல்லாம போறதுதான் கஷ்டம். நீங்களும் வாங்கமாட்டோம்னுட்டீங்களேடா" என்றார். நான் அவருக்கு முன்னால் குனிந்து வணங்கினேன். உடனே அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்கடா" என்று அதட்டினார். சுட்ட சோற்று உருண்டை போட்ட கோழிக் குழம்பு தமாகி, நான் மட்டும் ஒரு பண்ணைக் கோழிகளைத் தீர்த்திருப்பேன். இகராஷி இரண்டாவது கிண்ணம் நீட்டும்போது விதியில் எண்ணிக்கை வரம்பு இல்லை என்று எல்லோரையும் பார்த்து ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. எதிர்வீட்டு அம்மாள் குழந்தை பிறந்ததிலிருந்து தினம் சூப் கொண்டுவருகிறாள், எப்படித் திருப்பிச் செய்வதென்று தெரியாமல் கதவு திறக்கவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கதவைத் திற கண்ணே. வாங்கிச் சாப்பிடு, பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்பு. பாத்திரத்தை மட்டும் வெறுமனே அனுப்பாதே, இரண்டு அரிசி உருண்டையாவது பிடித்துப் போடு, அவளுக்குப் பிடிக்காவிட்டாலும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள், அப்புறம் நீயும் அந்தத் தெருக்காரிதான்.

போன வாரம் மறுபடி கொட்டித் தீர்த்தது, இரண்டு பகல் இரண்டு இரவு விடவில்லை. காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் தெருவில் திரும்பும்போது நான் கண்ணைத் தரையில்தான் வைத்திருந்தேன், சித்தியிடம் சொல்லாதே. நிமிர்ந்து பார்த்தேன். தெரு நெடுக ஒவ்வொரு கூரையிலும் பனி, ஆள் உயரத்துக்கு, காலடி ஒன்று இல்லை, மண்வெட்டிக் கீறல் ஒன்று இல்லை, பறவைகூட உட்காரவில்லை. முதுகொடிக்கும் வேலையைப் பார்த்து இப்படிச் சிரித்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டீச்சர் வீட்டுப் புகைபோக்கியில் புகை, வாசலில் டீச்சர், ஏப்ரன் கட்டிக்கொண்டு கையில் கரண்டியோடு தெருவையே பார்த்து நிற்கிறார். எங்களைக் கண்டதும், "எட்டு மணின்னா எட்டு மணிக்கு வரணும். குழம்பு கொதிச்சுக் குறையுது, ஏறுங்கடா மேலே!" என்றார்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறையொன்றும் இல்லாமல், வீடு நிறைய ஆளும் வயிறு நிறையச் சோறுமாக நீடூழி இருக்க வேண்டும் என்று மலைக்கோயிலில் மணியடித்து வேண்டிக்கொண்டோம், நான் அடித்த அடியில் மணி இன்னும் நிற்கவில்லை. குழந்தையின் பாதத்தை மையில் ஒற்றி ஒரு தாளில் அனுப்பச் சொல்கிறாள் சித்தி, மறக்காதே, இடதும் வலதும். கடைவாய்ப் பல் வலி என்று எழுதியிருந்தாயே, போய்க் காட்டு, தள்ளிப்போடாதே.

என்றும் உன் நினைவாக,
கமிசவாக் கூரைகளின் காவலன், நற்பணி மன்றத்தின் அசைக்க முடியாத தலைவன்,
உன் சித்தப்பா கென்கிச்சி

(அசைக்க முடியாதது இடுப்பு மட்டும்தான், பிளாஸ்திரி போட்டிருக்கிறேன். நோபுயோ)