ஒற்றைக் குண்டுத் துவக்கு

2023 செப்டெம்பர் 5, ஸ்கீவ, டென்மார்க்

இன்று துவக்குச் சுடும் கிளப்பில் முப்பது வெடி. ஒன்றுதான் பிசகி இலக்கின் ஏழாம் வட்டத்துக்கு ஓடியது. 1936இல் செய்த கைத்துவக்கு, ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான். சுட்டு, திறந்து, வெற்றுக் கோதை எடுத்து, மறுபடி போட வேண்டும். கிழமையில் என் மனம் அடங்குவது அந்த ஒரு மணித்தியாலம்தான். இப்படி மூன்று சேர்த்துவிட்டேன். ஆயுத அலுமாரிக்குப் பொறுப்பான ஹென்னிங் இன்று நாலாவதைக் காட்டினார். மனுசன் ஆசை காட்டியே கொல்கிறார்.

செப்டெம்பர் 19

துவக்கு அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்டதற்குப் பொலிஸ் கடிதம். 1987இல் அகதியாக அசூல் கேட்டபோது இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி எடுத்ததாகச் சொன்னீர்கள், விளக்கம் தரவும் என்கிறார்கள்.

பயிற்சியா? நாற்பத்தாறு வயதில் இந்தக் கிளப்புக்கு வரும்வரை நான் துவக்கைத் தொட்டதே இல்லை. என்னை இங்கே அனுப்பிய ஏஜென்சிக்காரன் அசூலுக்கென்று பாடமாக்கித் தந்ததை ஒப்புவித்தேன், அவ்வளவுதான்.

செப்டெம்பர் 21

“அது பொய் என்று எழுதிவிடு. இத்தனை வருடத்துக்குப் பிறகு உன்னை யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள்?” என்கிறார் ஹென்னிங்.

அனுப்புவதற்கா பயம்? மனுசி அருள்நாயகி கடிதத்தை வாசித்துவிட்டாள். என் டேனிஷ் கடிதமெல்லாம் எழுதுபவள் அவள்தான்.

“நீங்கள் இயக்கத்தில என்ர அண்ணையோட நிண்டதை ஏன் மறைக்க வேணும்? நானே எழுதித் தாறன்.”

செப்டெம்பர் 22

இங்கே என்றாலும் உண்மையை எழுதி வைக்கிறேன். கலியாணம் பேசும்போது நான் இயக்கத்தில் இருந்தவன் என்று அருள் வீட்டாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுடைய அண்ணன் இயக்கத்துக்குப் போய்ச் செத்தவர், உடம்பு கிடைக்கவில்லை. அவளுடைய அம்மா போனில் கேட்டா: “தம்பி, என்ர பிள்ளையைக் கண்டனீங்களோ?” அந்தக் குரலுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்றேன்.

பிறகு நிற்கவா முடியும்? எங்கே கண்டது, என்ன கதைத்தவர், கடைசியாக என்ன சாப்பிட்டவர் — எல்லாம் நான் கட்டினேன். முப்பது வருடமாக அருள் அதை வைத்துத்தான் ஆறியிருக்கிறாள். பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்தாள். என்ன மனிசனப்பா நான்?

செப்டெம்பர் 30

அருளுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 8

அருள் பதில் கடிதத்தை எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். முகாம், மாதம், அண்ணனின் பெயர், எல்லாம் இருந்தன. பயிற்சியை ஒப்புக்கொள்ளும் இந்தக் கடிதம் போனால் துவக்குகளும் போகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

“சரியோ?”

“வருசத்தை மட்டும் மாத்து. எண்பத்தேழில நான் இங்க வந்திட்டன். எண்பத்தாறு.”

மாற்றினாள், அனுப்பினாள்.

நவம்பர் 14

அனுமதி இல்லை. மூன்றையும் ஹென்னிங்கிடம் ஒப்படைத்தேன். ஏன் பொய் என்று எழுதவில்லை என்று கேட்டார். ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 29

அண்ணனின் திவசம். அருளின் தங்கை தங்கமலர் வைலேயிலிருந்து வந்திருந்தா. “அண்ணையோட நிண்டவர் எண்டுதான் இவரிட்ட துவக்கு எல்லாத்தையும் வாங்கினவங்கள்” என்று அருள் அவவுக்குச் சொன்னாள். குரலில் கவலையைவிடப் பெருமைதான் கூட.

தங்கமலர் போன பிறகு அருள் குசினியில் வைத்துக் கேட்டாள்.

“இவ்வளவு காலமும் கேக்கப் பயந்தனான். கடைசி நேரம்... அண்ணை பயந்தவரோ?”

“இல்லை,” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள்.