கூடையை இறக்கிவைத்த பெண்கள்

புளியடிவிளை,
கொல்லம் 1112, மாசி மாதம்.

என் அருமை மகள் கிரேசிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் தம்பி ஜான்ரோஸும் திடமாயிருக்கிறோம், மெட்ராஸில் உன்னையும் அவர் ஒரு குறையும் வராமல் நடத்துவார் என்று நம்பி இதை எழுதுகிறேன். ஹாஸ்டல் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்ளுதா, ராத்திரி தலைக்குக் குளிக்காதே. இஸ்ரவேல் மாமா உனக்குத் தனியாக எழுதியிருப்பார், படிப்பை விட்டுவிட்டு வா, மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பேசி வைத்திருக்கிறேன் என்று. அதை வாசித்துவிட்டுப் பெட்டியைக் கட்டிவிடாதே மக்களே, நடந்ததை நான் சொல்கிறேன்.

அப்பாவுக்கு மணல் கம்பெனியில் கணக்குப்பிள்ளை வேலை போய்விட்டது. தை கடைசியில் நல்ல வெயில். கடற்கரைக்காரன் சிலுவையின் பெண்டாட்டி கிளாரா அங்கே மணல் சுமக்கிறாள் அல்லவா, வயிற்றுப்பிள்ளைக்காரி, கூடையோடு மயங்கி விழுந்திருக்கிறாள். ஒரு வாய் வெள்ளம் கொடுக்கக்கூட விடாமல் மேஸ்திரி அவளை வெளியே அனுப்பி, இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டான். அதைப் பார்த்த பெண்கள் எல்லாரும் கூடையை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சத்தமில்லை, ஒரு கல்லெறியில்லை, சும்மா உட்கார்ந்தார்கள். கம்பெனி துரை அப்பாவைக் கூப்பிட்டு, கிளாரா மேஸ்திரியை ஏசிவிட்டுத் தானாகவே போனாள் என்று எழுதி ஒப்புப் போடு என்றாராம். அப்பா, அவள் விழுந்ததைத்தான் நான் கண்டேன், காணாததை எப்படி எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் நீயும் வீட்டுக்குப் போ என்றாராம் துரை. உன் அப்பாவை உனக்குத் தெரியும், கோழி குறுக்கே வந்தாலும் ஒதுங்கிப் போகிற மனுஷன். அன்றைக்கு எங்கிருந்து அந்த வாய் வந்ததோ.

ஒரு வாரமாக மணல் நகரவில்லை. பிறகு துரை இறங்கி வந்தார். கிளாரா பிள்ளை பெற்று எழும்பி வரும்போது ஆளுக்கு இடமிருந்தால் எடுக்கலாம், ஓலைப்பந்தல் போட்டு வெள்ளப்பானை வைக்கலாம், கணக்குப்பிள்ளை ரசலையனை மட்டும் உள்ளே விடமுடியாது என்றார். அவரில்லாமல் நாங்களும் இல்லை என்று பெண்கள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பாதான் போய், எனக்காக உங்க பிள்ளைங்க பட்டினி கிடக்கவேண்டாம், கிடைத்ததைக் கைவிடாதீங்க என்று கும்பிட்டு அவர்களை உள்ளே அனுப்பினார். வீட்டுக்கு வந்தவருக்குக் கிழங்கும் மீன்கறியும் வைத்தேன், தொடவில்லை.

மாமா வந்து கத்தினார். அப்பனுக்கு வேலை போன பிறகும் மகளுக்கு முதலாளி தொழிலாளி சட்டம் என்று என்ன படிப்பு, அதைப் படித்தவளை யார் கட்டுவான் என்றார். அப்பா பைய எழும்பி, மச்சான், துரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச நம்ம பக்கத்தில் ஒருத்தரும் இல்லை, நானும் நின்றுகொண்டுதான் பேசினேன், அவள் படிக்கட்டும் என்றார். எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆனாலும் என் முடிவும் அதுதான். பிள்ளை பெறுகிற பெண்களுக்கு மற்ற தேசங்களில் என்ன சட்டம் இருக்கிறது என்று உன் பாடத்தில் வந்தால் தமிழில் எழுதி அனுப்பு, இங்கே நான் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவேன்.

இன்னொன்று, வேறு யாரும் எழுதுமுன் நானே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை முதல் நான் அந்தக் கம்பெனியில் மணல் சுமக்கப் போகிறேன். கணக்குப்பிள்ளை வீட்டுக்காரி சுமடு எடுப்பதா என்று சபையில் பேசத்தான் செய்வார்கள், அப்பாவுக்கும் மனசில்லை. நான் போய் வேலை கேட்டபோது மேஸ்திரி முறைத்தான், என் பின்னால் பெண்கள் வந்து நின்றதைக் கண்டு சரி என்றான். கிளாராவின் இடத்துக்குத்தான் போகிறேன். வேறு ஒருத்தி வந்துவிட்டால் அது அவளுக்குத் திரும்பக் கிடைக்காது, நானென்றால் அவள் வந்ததும் கூடையை அவள் கையில் கொடுத்துவிட்டு வருவேன்.

ஆண்டவர் உனக்குத் தெளிந்த புத்தியும் தளராத மனசும் தந்து காப்பாராக. பரீட்சை எழுதி முடிக்காமல் ரயிலேறாதே.

உன் அம்மா,
ர. நேசபாய்