டப்பா காப்பாற்றிய பாடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நீங்கள் 'டப்பா' என்று கேலி செய்த என் பழைய கணினிதான் இப்போது விடுதிக்கே ப்ராக்ஸி சர்வர். யார் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலும், அதை டப்பா பிரதி எடுத்துவைத்து அடுத்தவர்களுக்குக் கொடுக்கும். நானே அமைத்தேன்.

நேற்று எங்கள் செவிலியர் பதவி உயர்வுத் தேர்வு. காலையிலேயே இணையம் போய்விட்டது. ஆனாலும் விடுதியில் தேர்வுக்குப் படித்த பதினெட்டுப் பேருக்கும் இணையப் பாடம் திறந்தது.

"லைனே இல்லாம எப்படிக்கா வருது?" என்றாள் அறைத்தோழி.

"முந்தாநாள் நீ படிச்சேல்ல, அதை டப்பா பத்திரமா வெச்சிருக்குடி."

எல்லோரும் நன்றாக எழுதினோம், அப்பா.

ஒரு குறை. புதியது வரும்வரை டப்பா பழையதையே காட்டும். நானும் அப்படித்தான்: என்னிடம் உள்ள பழைய படத்தில், உங்களிடம் விட்டுவந்த என் பாப்பா இன்னும் முன்பல் இல்லாமலே சிரிக்கிறாள். இதற்குள் முளைத்திருக்குமே, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

டூட்டிக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்