ஏப்ரலில் வந்த அனுமதி

குரோருட், நோர்வே,
ஒக்டோபர் 12

அன்பு மகள் துஷ்யாவுக்கு,

நானும் தம்பி பிரசாந்தனும் உடம்பளவில் சுகம். உன் சுகத்துக்காக நல்லூரானைக் கேட்பதை நான் நிறுத்தவில்லை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, தம்பி காருக்குக் குளிர்கால ரயர் மாற்றிவிட்டான், எனக்கு முழங்கால் நோ கொஞ்சம் கூட. ஏனப்பா ஒரு மாதமாக ஓம், இல்லை என்று சொல்லிப் போனை வைக்கிறியள் என்று கேட்டாய். வாயால் சொன்னால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மார்ச்சில் அம்மாவுக்கு நோய் வருத்தம் கூடியபோது வரச்சொல்லிக் கேட்டேன். படிப்பு முடிய அமெரிக்காவில் தந்த ஒரு வருச வேலை அனுமதி முடியப்போகுது, விஞ்ஞானம் படிச்ச ஆக்களுக்கு இன்னும் ரண்டு வருசம் நீட்டித் தருவினம், அதுக்கு எழுதிப்போட்டிருக்கிறன், முடிவு வரமுதல் வெளிக்கிட்டால் எல்லாம் போயிடும் என்றாய். அம்மா கேட்டுவிட்டு, அவளைக் கரைச்சல் படுத்தாதேங்கோ, நானும் கொழும்பிலை விசாவுக்குக் காத்து நிண்டனான்தானே என்றாள். மே ஒன்பதாம் திகதி அவள் போனாள். அன்றைக்கும் நீ அழுது அழுது, இன்னும் முடிவு வரேல்லை அப்பா என்றாய். தகன மண்டபத்தில், அம்மாவோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்த புஷ்பமலர், மூத்தவள் வரேல்லையோ என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். பாவம் பிள்ளை, அனுமதி வரேல்லை என்று நான்தான் உனக்காகச் சொன்னேன்.

போன மாதம் குறொன்லாண்ட் பக்கத்துத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு பிள்ளை வந்து வணக்கம் சொன்னான். உன்னோடு மினசோட்டாவில் படித்து, ஒரே கொம்பனியில் வேலை செய்த இளங்கோ, கோயம்புத்தூர்க்காரன். இப்போது இங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலையாம். உன் போனில் என் படம் பார்த்திருக்கிறானாம். துஷ்யாவுக்கும் எனக்கும் ஒரே வாரத்துல எக்ஸ்டென்ஷன் வந்துச்சு அங்கிள், ஏப்ரல்லயே, ஆஃபீஸ்ல கேக் வெட்டினோம் என்று சந்தோசமாகச் சொன்னான். அவனுடைய போன் நம்பரை வாங்கினேன். முருங்கைக்காயை வைத்துவிட்டு ரயிலேறி வந்துவிட்டேன்.

பிறகு அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். நீட்டிப்பு வந்தாலும் திரும்பிப் போகப் புதிதாக விசா எடுக்க வேண்டுமாம், தூதரகத்தில் வாரக்கணக்காக இழுபடுமாம், அதற்குள் வேலை போனாலும் போகுமாம். உன் பயம் பொய்யில்லை, விளங்குகிறது. பயமாயிருக்கு அப்பா என்று சொல்லியிருந்தால் போதும், நான் ஊருக்கே எதிர்நின்றிருப்பேன். எண்பத்தெட்டில் என் அப்பா கரவெட்டியில் செத்தபோது நான் இங்கே அகதி முகாமில், கையில் ஒரு அனுமதித் துண்டும் இல்லாமல், கொள்ளி வைக்கப் போக முடியாமல் இருந்தேன். அதை உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒருமுறைதான் சொன்னேன். என் வாழ்க்கையில் நடந்ததை நீ கடன் கேட்காமல் எடுத்துப் பாவித்தாய். நோர்வேயில் பிறந்து, சிவப்புப் பாஸ்போட் வைத்திருக்கிற பிள்ளை. அம்மா உன் சொல்லை நம்பிக்கொண்டே போனாள், அதுதான் என்னால் விழுங்க முடியவில்லை.

தம்பிக்குத் தெரியாது. புஷ்பமலர் போன கிழமையும் உன்னை விசாரித்தார், பிள்ளைக்கு இப்ப அனுமதி சரிவந்திட்டுது என்று சொன்னேன். இனி எவரிடமும் இதுபற்றிக் கதைக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் குளிருக்குள் காதை மூடாமல் திரியாதே. என்ன கோபம் இருந்தாலும் நீ நல்லாயிருக்க வேண்டும், அதைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவின் ஆண்டுத் திவசம் அடுத்த மே மாதம் வரும். வந்தால் உன் அறை இருக்கிறது. வராவிட்டால் காரணம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா
இராசதுரை