விழத் தெரியாதவளை ஜெயித்த மகளுக்கு

ஊரப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

பிரதீபாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கடையும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. மெல்பர்னிலிருந்து நீ அனுப்பிய போட்டோவில் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியச் சிரிக்கிறாய், சுகமாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் கிளாஸுக்கு நேரமாச்சு என்று பாதியில் வைத்துவிடுகிறாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் கேட்காமலே கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாய், அதனால்தான் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி. படித்துவிட்டு ஆத்திரப்பட்டால் படு, நானும் ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு சுகர் ஏறியிருக்கிறது, கல்பாக்கம் ஆபீஸ் பஸ்ஸில் யார் வீட்டு விசேஷமானாலும் இவர் கையில் ஒரு லட்டு இருக்கிறது, கேட்டால் கொடுத்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்கிறார். மழையில் குடோனுக்குள் தண்ணீர் வந்து கீழ் வரிசைப் பெட்டியெல்லாம் ஊறிவிட்டது, டைல்ஸுக்கு ஒன்றுமில்லை, அட்டைதான் போச்சு. மகாபலிபுரத்தில் ஒரு ரிசார்ட்காரன் நீச்சல் குளத்தைச் சுற்றிப் போட பளபளப்பான டைல்ஸ் கேட்டான், ஈரக்காலோடு நடக்கிற இடத்தில் அதைப் போட்டால் ஜனங்கள் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள், நான் தரமாட்டேன் என்றேன். என் காசு, உங்களுக்கு இன்னாம்மா என்று முறைத்துக்கொண்டு போனான். போகட்டும். இதையெல்லாம் நான் பெருமைக்குச் சொல்லவில்லை, நீ யார் வீட்டுப் பெண் என்று உனக்கு மறந்துபோயிருக்கிறதே, அதனால் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஜியு-ஜிட்சு என்கிற குஸ்திப் போட்டியில் தங்கம் வாங்கிவிட்டேன் என்று நீ வீடியோ அனுப்பிய அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியாது. கடை வாசலில் பிளெக்ஸ் வைத்தேன். ஆளுயரத்துக்கு நீ, பக்கத்தில் கங்காரு வேறு, அச்சடிக்கிறவன் அவனாகவே சேர்த்துவிட்டான். டைல்ஸ் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தேன். ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய் பன்னீர்செல்வம் மாஸ்டருக்கும் கொடுத்தேன். ஜூடோ சொல்லிக்கொடுத்து உன்னை ஆளாக்கிய மனுஷன், அவர் வாயில் போடாமல் எப்படி என்று. அவர் மைசூர்பாகைக் கையில் எடுத்துக்கொண்டே வீடியோவைப் பார்த்தார். நீ அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கைச்சட்டையைப் பிடித்து, திரும்பி, இடுப்பில் ஏற்றித் தூக்கி அடித்தாயே, அந்த இடம் வந்ததும் எடுத்த மைசூர்பாகைத் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் மாஸ்டர், சரியா அடிக்கலையா என்றேன். "நல்லாத்தாம்மா அடிச்சிருக்கா. அந்தப் பொண்ணு விழறத பாருங்க" என்று சொல்லிவிட்டு ஹால் ஜன்னலைத் திறக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

பார்த்தேன். அந்தப் பெண் கையை நீட்டித் தரையில் ஊன்றி விழுகிறாள். இது எனக்குத் தெரியாதா? நீ ஏழாவது படிக்கும்போது மாஸ்டரிடம் சேர்த்துவிட்டு தினமும் அந்த ஹாலில் உட்கார்ந்து பார்த்தவள் நான். மாசக்கணக்கில் உன்னை அவர் விழத்தான் வைத்தார். முன்னால் விழு, பின்னால் விழு, பக்கவாட்டில் விழு, கையை ஊன்றாதே, உள்ளங்கையால் பாயைத் தட்டு. இவர் எப்போதுதான் இவளுக்கு அடிக்கச் சொல்லிக்கொடுப்பார் என்று எரிச்சல் வந்து, பீஸ் வாங்கிக்கொண்டு என் பெண்ணை உருட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறீர்களே என்று நானே சண்டைக்குப் போனேன். அதற்கு அவர், "விழத் தெரியாத பொண்ண தூக்கி அடிச்சா அது ஆட்டமில்லம்மா, ஆக்ஸிடென்ட்டு" என்றார். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த உன் கூட்டாளி ஜெபாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கோவளத்துப் பெண்ணுக்கு மறைத்துப் பேசத் தெரியாது. முதலில் மழுப்பினாள், "நல்லா ஆடிகினுதான் கீறா ஆன்ட்டி, வுடுங்க" என்றாள். நான் விடவில்லை. பிறகுதான் சொன்னாள், நீ கட்டியிருந்த வெள்ளை பெல்ட் புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டுவதாம், அந்தப் பிரிவில் எல்லாரும் ஆறு மாசம் ஒரு வருஷம் கற்றுக்கொண்டவர்களாம், ஜூடோவில் கறுப்பு பெல்ட் வாங்கினவர்கள் அதில் இறங்கக்கூடாது என்று அந்தப் போட்டிக்காரர்களே விதி போட்டிருக்கிறார்களாம். முன்னால் வேறு குஸ்தி, ஜூடோ பழகியிருக்கிறாயா என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறாய். நேஷனல் சாம்பியன். மாவட்டத்தில் ஜெயித்து, மாநிலத்தில் ஜெயித்து, போபாலில் பஞ்சாப்காரியைக் கவிழ்த்துவிட்டு வந்து ரயிலடியில் மாலையோடு நின்றவள். அவள் ஜூடோ பழகியதே இல்லையாம்.

நானும் எத்தனையோ திருட்டுத்தனத்தைப் பார்த்துவிட்டேன் பிரதீபா. ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்து உடைசல் டைல்ஸ் விற்ற காலத்திலிருந்து இந்த லைனில் இருக்கிறேன். செகண்ட்ஸ் என்கிற பழுதுச் சரக்கை பிரீமியம் பெட்டியில் போட்டு விற்கிறவன் தெருவுக்கு ஒருத்தன் இருக்கிறான். படூரில் ஒரு பில்டர் என்னையே அப்படிக் கலந்து அனுப்பச் சொல்லி, மாட்டேன் என்றதும் ஆர்டரை மாற்றிக்கொண்டான். ஆனால் பிரீமியம் சரக்கைக் கொண்டுபோய் செகண்ட்ஸ் பெட்டியில் போட்டு ஊரை ஏமாற்றுகிற ஆளை இதுவரை பார்த்ததே இல்லை. பெற்ற மகளிடம் பார்க்கவேண்டியிருக்கிறது.

போனில் கேட்டபோது என்ன சொன்னாய்? ஜூடோ வேற ஜியு-ஜிட்சு வேறம்மா, இது தரையில ஆடறது, தரையில நான் புதுசுதான், உனக்குப் புரியாது என்றாய். புரிகிறதடி. தரையில் நீ புதிது என்றால் தரையில் உட்கார்ந்து புதுசு மாதிரி ஆடியிருக்கவேண்டும். தரைக்கு வருவதற்கு முன்னாலேயே நின்றுகொண்டு தூக்கி அடித்தாயே, அது எந்த ஊர் வித்தை? அதை மெல்பர்னிலா கற்றுக்கொண்டாய்? அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு என்றதற்கு, முழங்கை நழுவிடுச்சாம், சரியாயிடும் என்றாய். நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொன்னாய். அப்புறம் கிளாஸ் வந்துவிட்டது உனக்கு.

உன் முட்டி ஜவ்வு கிழிந்து, தேறி வந்து, இந்தியா டீம் செலக்‌ஷனில் தோற்றுவிட்டு நீ வீட்டுக்குள்ளேயே கிடந்தது எனக்கும் வலித்தது. அங்கே போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததும் தெரியும். அடுத்த மாசப் போட்டியிலும் தங்கம் வாங்கினால் உன் ஜிம்மில் கோச்சாக எடுத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறார்கள், அந்த வேலை உனக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன், நீ தோற்றுத் தோற்று பயந்துபோயிருக்கிறாய். தோற்கப் பயந்துகொண்டு பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய்? உன்னைப் போன்றவள் ஒருத்தி, செங்கல்பட்டில் நீ கத்துக்குட்டியாக இருந்தபோது, வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு வந்து உன்னைத் தூக்கி அடித்துக் கையை முறித்திருந்தால் நான் அவள் குடும்பத்தையே ரோட்டுக்கு இழுத்திருப்பேன். அந்தப் பெண்ணுக்கும் ஒரு அம்மா இருப்பாள். அவளுக்கு விஷயம் தெரியாது, அதுதான் உன் அதிர்ஷ்டம்.

அப்பா வழக்கம்போல விடு சகுந்தலா, சின்னப் பெண், ஊர் விட்டு ஊர் போய்க் கஷ்டப்படுகிறாள் என்கிறார். இருபத்தேழு வயது சின்னப் பெண். நான் அந்த வயதில் லோடு லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆந்திரா போய்ச் சரக்கு எடுத்து வந்தேன். பிளெக்ஸை அன்றைக்கே இறக்கிவிட்டேன், இப்போது குடோனில் ஒயிட் சிமெண்ட் மூட்டைகளுக்கு மேல் போர்த்தியிருக்கிறது, மழைக்காவது நீ பயன்படு. கங்காரு எங்கேம்மா என்று கேட்கிற கஸ்டமருக்கு ஊருக்குப் போய்விட்டது என்கிறேன்.

நீயாகவே போய் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று போன வாரம் சொன்னேன். சரி சரி என்றாய். நீ சரி சரி என்று இரண்டு தடவை சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியும். அதனால் நானே சொல்லிவிட்டேன். போட்டி நடத்துகிறவர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். இங்கிலீஷ் ஜெபாவுடையது, விஷயம் என்னுடையது. நீ நேஷனல் ஜெயித்தது, கறுப்பு பெல்ட் வாங்கினது, போபாலில் மேடையில் நின்ற போட்டோ, எல்லாம் வைத்து, நான் இவளுடைய அம்மா, கடைப் பெயர் இது, சந்தேகம் இருந்தால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஜெபாவைத் திட்டாதே, அவள் அழுதுகொண்டேதான் டைப் அடித்தாள். நேற்று பதில் வந்துவிட்டது. அந்தத் தங்கத்தை நீ திருப்பிக் கொடுக்கவேண்டும். அடுத்த மாசம் ஆடுவதானால் பழகினவர்கள் பிரிவில்தான் ஆடலாம், அதற்குத் தடையில்லை என்று மரியாதையாகவே எழுதியிருக்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உனக்கும் சொல்லியிருப்பார்கள். எந்தப் படுபாவி போட்டுக்கொடுத்தான் என்று நீ தேடி அலையவேண்டாம் என்றுதான் என் கையால் எழுதுகிறேன். கோச் வேலை போனால் போனதுதான். அதற்கும் என்னையே திட்டிக்கொள், தாங்கிக்கொள்வேன். மற்றவர்கள் உன்னைத் திருடி என்று சொல்லி நான் கேட்பதைத்தான் தாங்கமாட்டேன்.

திருக்கழுக்குன்றம் மலை ஏறி உன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். ஜெயிக்கவேண்டும் என்று கேட்கவில்லை. எதிரில் உனக்குச் சமமான ஒருத்தி நிற்கவேண்டும், உன் முட்டி தாங்கவேண்டும், இந்த இரண்டும்தான் கேட்டேன். தீர்க்காயுசாக இரு. ராத்திரி ரொட்டியைத் தின்று படுக்காதே, சோறு வடித்துச் சாப்பிடு. முக்கியமான விஷயம், இதைப் படித்த அன்றைக்கே கிளம்பி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் அம்மா முன்னால் நின்று நடந்ததைச் சொல்லு. அவள் என்ன திட்டினாலும் நிமிர்ந்து பேசாதே. அடிபட்டவளைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது, அந்த ஊரில் ஹார்லிக்ஸ் கிடைக்குமோ என்னவோ, ஆரஞ்சுப் பழமாவது வாங்கிக்கொண்டு போ. ஒரு கையால் உரிக்க வராது அவளுக்கு. உட்கார்ந்து நீயே உரித்துக் கொடுத்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன்னைப் போட்டுக்கொடுத்த அம்மா,
ரா. சகுந்தலா