ததேயு தரையிறங்கிய இடங்கள்

பிப்ரவரி 8, சனி

மேல்பட்டாம்பாக்கம். கரும்பு வெட்டி முடித்த கொல்லை. ததேயுவை ஒரு கரும்புக் கட்டையின் மேல் நிற்க வைத்து, நான் தரையில் படுத்துப் பதினாறு படம் எடுத்தேன். சுடிதார் முழுக்கச் சருகு.

ததேயு, என் தம்பி ஆன்டோ செய்த விண்வெளி வீரன். கட்டைவிரல் உயரம். உடம்பு குழாய் அடைக்கும் எம்-சீல், தலைக்கவசம் ஊசி மருந்துக் குப்பியின் மூடி, விண்கலத்துக்கு மாத்திரை அட்டையின் தகடு. கிட்னி போய், திங்கள், புதன், சனி டயாலிசிஸ் என்று ஆனதிலிருந்து ஆன்டோ பஸ் ஏறி எங்கும் போவதில்லை. அவன் செய்கிறான், நான் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். ஒவ்வோர் ஊரும் ஒரு கிரகம். படத்துக்கு அறிக்கை எழுதி இன்ஸ்டாகிராமில் போடுவது அவன் வேலை.

இன்றைய அறிக்கை: "கிரகம் இனிப்பாக இருக்கிறது. முண்டாசு கட்டிய உயிரினம் ஒன்று வந்தது. 'யாரும்மா நீ, கொல்லையில படுத்துக் கெடக்குற' என்றது. பதில் தெரியாமல் புறப்பட்டோம்."

எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை டயாலிசிஸுக்கு அவனோடு போவது என் முறை. மூன்று வாரமாக அம்மாவை அனுப்பிவிட்டு நான் படம் எடுக்கப் போகிறேன்.

பிப்ரவரி 10

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

என் கிட்னி அவனுக்குப் பொருந்துகிறது. ரத்தம், மற்ற டெஸ்ட், எல்லாம். ஜனவரியில் ஆஸ்பத்திரியில் ஒரு மேடம் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். என் முகத்தைப் படித்துவிட்டார் போல. விருப்பம் இல்லையென்றால் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்வோம், காரணம் யாருக்கும் போகாது, இங்கே அதுதான் வழக்கம் என்றார். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையாட்டினேன், அவ்வளவுதான். வீட்டில் 'பொருந்தவில்லை' என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. அப்பா போய் ஆறு வருடம். வேறு யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

காரணம் பயம். பெரிதாக வேறொன்றும் கிடையாது. முப்பத்திரண்டு வயதுக் கழுதைக்குப் பயம்.

பிப்ரவரி 15, சனி

திட்டக்குடி. போக மூன்று மணி நேரம், வர மூன்றரை. எடுத்தது ஐந்து படம். இம்மாந்தூரம் எதுக்குடி என்று அம்மா கேட்டாள்.

மார்ச் 5, சாம்பல் புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையிலும் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த மாதிரி விலகி வந்துவிட்டேன். சாமியார் மன்னித்துவிடுவார், அதுதான் சிக்கல். மன்னித்த பிறகு வீட்டுக்குப் போய் ஆன்டோ முகத்தில் எப்படி முழிப்பது?

அவனுக்குக் கால் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சிதம்பரம். கல்லூரி லேபில் என்னோடு வேலை பார்க்கும் கார்த்யாயினி வீடு கீழ வீதியில். மதியம் தேரடிக்குப் போய், தேர்ச் சக்கரத்தின் அடியில் ததேயுவை நிறுத்தி எடுத்தோம். சக்கரத்துக்கு முன்னால் அவன் கடுகாகத் தெரிந்தான். படத்தை அப்போதே ஆன்டோவுக்கு அனுப்பினேன்.

அப்புறம் அவள் வீட்டில் சாப்பாடு. என்ன வந்ததோ எனக்கு, சமையலறையில் நின்றபடி சொல்லிவிட்டேன்: "எல்லாப் பொருத்தமும் சரியா இருக்கு கார்த்தி. எனக்குத்தான் மனசு வரல."

கார்த்தி திட்டவில்லை. கேஸை அணைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடத்தில் அவள் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் ததேயுவை வைத்துத் தூக்கிப் போகும் பெட்டி இல்லை. அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 15, சனி

பெட்டியை வாங்கக் காலையிலேயே போனேன். மூடியில் ஆன்டோ பெரிதாக எழுதியிருப்பான்: "ததேயு விண்வெளி நிலையம், கடலூர் முதுநகர். வழி தவறினால் அழைக்கவும்." கீழே அவன் செல் நம்பர்.

பார்வதம் மாமி — கார்த்தியின் மாமியார் — அந்த நம்பருக்கு நேற்றே பேசிவிட்டார்.

"பெட்டி பத்திரமா இருக்குன்னு சொன்னேன். அப்படியே அதையும் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதேம்மா. பொருத்தமெல்லாம் கூடி வந்திருக்காம், உங்கக்காதான் மனசு வரலேன்னு அழறா, தம்பி நீ எடுத்துச் சொல்லப்படாதான்னேன். உங்கள்ளயும் ஜாதகம் பாப்பான்னு இத்தனை நாள் எனக்குத் தெரியாது."

ஆன்டோ என்ன சொன்னான் என்று கேட்டேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னானாம். பிறகு, பேசறேன் மாமி என்றானாம். நல்ல பிள்ளை என்று மெச்சினார்.

மாமிக்கு எனக்கு வரன் பார்த்துவிட்ட சந்தோஷம். எங்கள் வீட்டில் ஜாதகம் என்று ஒன்று எழுதியதே கிடையாது. ஆன்டோவுக்குப் பொருத்தம் என்றால் ஒன்றுதான்.

மார்ச் 16

தேர்ச் சக்கரப் படத்தைப் போட்டிருக்கிறான். அறிக்கை இல்லை. அறிக்கை இல்லாமல் அவன் ஒரு படம்கூடப் போட்டதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அம்மா கோயிலுக்குப் போனதும் என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"நீ மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்க்கா. அறுத்துக் குடுக்கற சமாச்சாரம், யாருக்கும் பயமாத்தான் இருக்கும். ஆனா திட்டக்குடி வரைக்கும் போனியே. எனக்காகப் போறேன்னு நெனச்சேன். என் மூஞ்சியப் பாக்க முடியாம ஓடிக்கிட்டு இருந்திருக்க."

தருகிறேன்டா, நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

"மாட்டிக்கிட்டதால குடுக்கறது எனக்கு வேணாம்."

ததேயுவைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மாவிடம் அவன் சொல்ல மாட்டானாம். நான்தான் சொல்ல வேண்டுமாம்.

மார்ச் 20

அம்மாவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்தவே இல்லை. கடைசிக் கொத்தையும் உருவி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு பேரையும் ஒரே நாள்ல அறுக்கக் குடுத்துட்டு நான் வெளிய நிக்கணுமேன்னு இருந்துச்சு. பொருந்தலன்னு ஆஸ்பத்திரியில சொன்னப்ப, எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சுடி. அத நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

இரண்டு பேரும் அழுதோம். இந்த வீட்டில் எத்தனை பேர் எத்தனை பொய்யை வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறோம்!

மார்ச் 22, சனி

டயாலிசிஸுக்கு நான் போனேன். வேண்டாம் என்று ஆன்டோ சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

இரண்டு ஊசி. குச்சி மாதிரி தடிமன். முன்பெல்லாம் அது ஏறும்போது நான் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன். இன்று பார்த்தேன். வாரத்துக்கு ஆறு தடவை இவன் குத்து வாங்குகிறான், நான் ஒரு தடவைக்கு ஊரை விட்டு ஓடியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அப்படியும் பயம் குறையவில்லை, அதுதான் ஆச்சரியம்.

மூன்றாவது மணி நேரத்தில் அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. "அக்கா, காலப் புடி" என்றான். நாலு நாள் கழித்து என்னோடு பேசிய முதல் வார்த்தை. அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டேன்: "பயந்துக்கிட்டே குடுத்தா வாங்கிக்குவியா?"

கண்ணைத் திறக்காமல், "யோசிக்கிறேன்" என்றான். கொழுப்பைப் பார்.

ஏப்ரல் 1

யோசிக்கிறானாம், இன்னமும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் போனைத் திறந்தால் அவன் போட்டிருக்கும் அறிக்கை, படம் இல்லாமல்: "பயணம் தற்காலிகமாக நிறுத்தம். குழுவினர் இருவருக்கும் பழுது பார்க்கும் வேலை இருக்கிறது."

பக்கத்து அறையில் இருந்துகொண்டு இதை ஊருக்கெல்லாம் சொல்லி, அதன் வழியாக எனக்குச் சம்மதம் சொல்கிறான். எழுந்து போய் அவன் தலையில் ஒன்று போட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆஸ்பத்திரியில், உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டி முன்னால் விசாரணை. ஆன்டோவையும் அம்மாவையும் வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். எதிரில் மூன்று பேர், ஒரு கேமரா. யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. பணம்? இல்லை. பயமாக இருக்கிறதா?

"ரொம்ப" என்றேன்.

பெரியவர் பேனாவை வைத்துவிட்டார். இப்போதுகூட ஒன்றும் ஆகிவிடவில்லை, வேண்டாம் என்றால் பொருந்தவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"வேணாங்க சார். நான் மாட்டேன்னா, மாட்டேன்னுட்டாள்னே என் தம்பிகிட்ட சொல்லிடுங்க. இப்ப குடுக்கறேன்னுதான் சொல்றேன்."

எழுதிக்கொண்டார்கள். போட்ட கையெழுத்தில் என் பேர் எனக்கே படிக்க வரவில்லை.

வெளியே வந்தேன். என்ன கேட்டார்கள் என்று ஆன்டோ கேட்டான். பயமா இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னேன் என்றேன். அவன் சிரிக்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.